ஏழு நாள் வழக்கு

பென்டில் ஹில்
17.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இஞ்சை சுகம். நீங்களும் அண்ணியும் லக்சிகாவும் எப்பிடி இருக்கிறியள்? உங்கட முழங்காலுக்கு டொக்டர் என்ன சொன்னவர்? பாஸ்கருக்குப் பிறசர் கொஞ்சம் இறங்கியிருக்கு. எனக்குக் களைப்புத்தான் வருத்தம், வேற ஒண்டுமில்லை.

போன் எடுக்காமல் ஏன் கடிதம் எண்டு யோசிப்பியள். போன் எடுத்தால் அண்ணியிட்டைக் குடுத்திடுவியள். கடிதம் எண்டால் வாசிச்சு முடியுமட்டும் என்னோடதான் இருக்கவேணும்.

நான் வேலை செய்யிற பாரிஸ்டர் மாடிக்கு இந்த வருசம் அறுபது வயசு. அதுக்கு ஒரு சரித்திரப் புத்தகம் போடினம். பதினைஞ்சு வருசமா இஞ்சை மாடியை நடத்திற கிளார்க்குக்கு உதவியா இருக்கிறவள் எண்டு, பழைய கடுதாசியளைச் சேர்க்கிற வேலை என்னட்டை வந்திருக்கு. 1965 இல அஞ்சு பாரிஸ்டர்மார் சேர்ந்து பிலிப் ஸ்ட்ரீட்டில இந்த மாடியை வாங்கினவை. அஞ்சு அறை, ஒரு கிளார்க், ஒரு ரைப்பிஸ்ற், ஒரு கெற்றில். இண்டைக்கு நாப்பத்திமூண்டு பேர். பாங்க், கப்பல், இன்சூரன்ஸ், பெரிய கட்டிடங்கள் எண்டு எந்தக் கொம்பனி விழுந்தாலும் அதின்ர கடுதாசி எங்கட லிப்ற்றாலதான் மேல வரும்.

வெளியில உள்ளவைக்கு விளங்காத ஒரு விசயம் இருக்கு. இவை பங்காளிகள் இல்லை. வாடகையும் கிளார்க்கும்தான் பொது, மற்றும்படி ஒவ்வொருத்தரும் தனி ஆள். பக்கத்து அறையில இருக்கிற ரெண்டு பேர் ஒரே வழக்கில எதிரெதிரா நிக்கலாம். பகல் முழுக்கக் கோட்டில அடிபட்டுப்போட்டு, நாலு மணிக்கு ஒரே லிப்ற்றில வருவினம்.

புத்தகத்தில பெரிய வழக்குகளுக்கு ஒரு அத்தியாயம் இருக்கு. அதில உங்கட வழக்கும் வருது, அண்ணா. நீங்கள் அதைப் பற்றி ஏதும் சொல்ல விரும்புறியளோ? அதைக் கேட்கத்தான் எழுதினனான்.

அண்ணிக்கு என்ர அன்பு.

தாட்சாயினி


வெரிபீ
09.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைச்சுது. எல்லாரும் சுகம். முழங்காலுக்குக் குளுசை தந்திருக்கினம். பஸ் ஓடேக்க பிறேக் மிதிக்கிற கால் அதுதான், என்ன செய்யிறது.

இஞ்சை புதுசு புதுசா வீட்டு எஸ்டேட் எழும்புது. போன மாதம் புல்லா இருந்த இடத்தில இந்த மாதம் எனக்கு மூண்டு பஸ் ஸ்ரொப். தெருவுக்கெல்லாம் மரத்தின்ர பேர், ஒரு மரமும் இல்லை. சனம் விடியப் பாதி நித்திரையில ஏறி ஸ்ரேசனில இறங்கும், பின்னேரம் அதே முகத்தோட திரும்பி ஏறும்.

லக்சிகா சட்டம் ரெண்டாம் வருசம். நல்லாப் படிக்கிறாள். அண்ணி சத்தியபாமாவுக்கு வயதுபோன ஆக்களைப் பார்க்கிற அந்த வேலைதான்.

பாஸ்கரை உப்பைக் குறைக்கச் சொல்லு. புத்தகம் நல்லா வரட்டும்.

அண்ணா


பென்டில் ஹில்
21.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கட கடிதம் கண்டு சந்தோசம். முழங்காலுக்கு ஒரு படம் எடுத்துப் பாருங்கோ, குளுசையோட விடாதேங்கோ.

நான் கேட்டதுக்கு நீங்கள் ஒரு சொல்லும் எழுதேல்லை.

புத்தகத்துக்குப் பொறுப்பு மிஸ்டர் ஹார்க்கர். உங்களுக்கு அவரை ஞாபகம் இருக்கும். அப்ப அவர் சில்க், அதாவது பட்டு அங்கி போட்ட மூத்த பாரிஸ்டர். குளிரறைக் கொம்பனிக்காக உங்களுக்கு எதிரா நிண்டவர். இப்ப வயசு எழுபத்தெட்டு. செவ்வாய்க்கிழமையளில வந்து பழைய அறையில இருந்து சொல்லுவார், நான் எழுதுவன். உங்கட வழக்குக்கு அவர் சொன்ன பந்தியைத் தமிழில தாறன்:

'வாதி மீன் இறக்குமதி செய்யும் ஒரு சிறு வியாபாரி. குளிரறை பழுதாகி அவருடைய சரக்கு முழுவதும் கெட்டது. ஏழு நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பது ஒப்பந்தம். சரக்கு கெட்டதாக அறிவித்தல் மே 6ஆம் திகதி கிடைத்தும், வாதி கவனக்குறைவால் 21ஆம் திகதியே எழுதினார். ஏழு நாள் என்றால் ஏழு நாள்தான் என்று நீதிமன்றம் தீர்த்தது.'

அவ்வளவுதான். அதுக்குப் பிறகு நாட்டில எழுதிற ஒப்பந்தமெல்லாம் உந்தத் தீர்ப்பைப் பார்த்துத்தான். எங்கட மாடியில இளம் பாரிஸ்டர்மார் கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் உங்கட பேரைச் சொல்லுவினம். "விக்-ன-ராஜா பார்த்தியா?" எண்டு ஆளையாள் கேட்பினம். பக்கத்தில நிண்டு நான் தேத்தண்ணி ஊத்துவன். எனக்குப் பாஸ்கரின்ர பேர் எண்டபடியால் ஒருத்தருக்கும் தெரியாது.

'கவனக்குறைவு' எண்ட சொல்லை ரைப் பண்ண என்ர கை போகேல்லை. அது 2009 மே. கடைசிச் சண்டையில தம்பி தேவன் வன்னிக்குள்ள அகப்பட்டிருந்த நாட்கள். நீங்கள் வென்ட்வேர்த்வில் வீட்டில போனடியில இருந்த இருப்பை நான் கண்ணால கண்டனான். அதை ஏன் நீங்கள் கோட்டில சொல்லேல்லை?

பதில் போடுங்கோ.

தாட்சாயினி


வெரிபீ
30.04.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உங்கட சுகமும் அறிய ஆவல். பதில் பிந்திப்போச்சு. ஒரு ஆள் லீவு, அவற்ற ஓட்டத்தையும் நான்தான் ஓடினனான்.

போன கிழமை லக்சிகா யூனியால வந்து சாப்பிடாமல் அறைக்குப் போயிட்டாள். அடுத்த நாள் தாய் கேட்டுத்தான் சொன்னாள். ஒப்பந்தச் சட்டப் பாடத்தில என்ர வழக்காம். படிப்பிக்கிறவர், "தபாலைத் திறக்க மறந்த மனிசன்" எண்டு சொல்ல வகுப்பு சிரிச்சதாம். இவளும் சேர்ந்து சிரிச்சவளாம். பிறகுதான் பேரைப் பார்த்தவளாம்.

என்னட்டைக் கேட்டாள். ஓம், நான்தான் எண்டனான். ஏன் அப்பா எண்டாள். வேலைக்கு நேரமாச்சு எண்டு எழும்பிப் போட்டன்.

நீ உன்ர வேலையைப் பார். அவர் சொன்னதையே ரைப் பண்ணு. ஏழு நாள் எண்டால் ஏழு நாள்தானே.

அண்ணா


பென்டில் ஹில்
04.05.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம் எண்டு வழமைபோல எழுதத் தொடங்கினனான். நான் சுகமில்லை. வருத்தம் ஒண்டும் இல்லை, பயப்பிடாதேங்கோ. பதினைஞ்சு வருசமா ஒண்டைச் சுமந்து களைச்சுப் போனன்.

2010 ஆடி மாதம் நீங்கள் என்னட்டைக் கேட்டியள்: "உங்கட மாடியில நல்ல ஆக்கள் இருக்கினமாம், ஆரும் என்ர வழக்கை எடுப்பினமோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பார்." ரெண்டு நாளால நான் போன் எடுத்து, "எல்லாரும் புக் ஆகீட்டினம் அண்ணா" எண்டு சொன்னனான்.

நான் ஒருத்தரையும் கேட்கேல்லை.

அப்ப நான் அங்க சேர்ந்து நாலு மாதம். ஏழு வருசம் ஆஸ்பத்திரியில நிலம் துடைச்சுப்போட்டு, ரைப்பிங் படிச்சு, முதன்முதல் கதிரையில இருந்து செய்யிற வேலை. ஆறு மாதம் முடிஞ்சால்தான் நிரந்தரம். வந்த உடன சொந்தக்காரருக்கு ஆள் பிடிக்க வந்திட்டாள் எண்டு நினைப்பினமோ எண்டு பயந்தனான். மிஸ் அடேர் எண்டு ஒரு கெட்டிக்காரி இருந்தவ. அந்த மாதம் முழுக்க அவவின்ர டயறி வெறுமையாக் கிடந்தது. அந்த டயறியை எழுதினதே நான்தான்.

அதோட முடியேல்லை. அடுத்த கிழமை குளிரறைக் கொம்பனிக்கு வழக்குத் தயார்பண்ணுற சொலிசிட்டர் மிஸ்டர் ஹார்க்கரைக் கேட்டு வந்தார். கட்டுக் கட்டாப் பேப்பர் வந்தது. அதைப் பிரிச்சு, இலக்கம் போட்டு, மூண்டு பிரதி எடுத்தது நான். உங்கட சத்தியக் கடுதாசி அதுக்குள்ள இருந்தது. 'தாமதத்துக்குக் காரணம்: நான் கவனிக்கவில்லை.' கீழ உங்கட கையெழுத்து. அதையும் மூண்டு பிரதி எடுத்தன்.

அப்ப எண்டாலும் சொல்லியிருக்கலாம். வாதி என்ர அண்ணன் எண்டு சொல்லியிருந்தால் என்னை அந்தப் பேப்பரைத் தொட விட்டிருக்க மாட்டினம். சொல்லேல்லை.

நீங்கள் தோத்தியள். கடையை மூடினியள். சிட்னியை விட்டு வெரிபீக்குப் போனியள். நீங்கள் என்னோட கதைக்காமல் விட்டது தோத்த வெக்கத்தில எண்டு பாஸ்கர் சொல்லுவார். நான் தலையாட்டுவன்.

மன்னிப்புக் கேட்கிறதுக்கு எனக்கு முகம் இல்லை. தெரிஞ்சிருங்கோ எண்டுதான் எழுதிறன்.

தாட்சாயினி


வெரிபீ
15.06.2025

அன்புள்ள தாட்சாயினிக்கு,

நீரும் பாஸ்கரும் சுகமாயிருக்க வேணும். இஞ்சை குளிர் எலும்புக்குள்ள போகுது.

உம்மட கடிதம் வந்து அஞ்சு கிழமை. இவர் காருக்குள்ள இருந்து வாசிச்சுப்போட்டு, அங்கேயே ஒரு மணித்தியாலம் இருந்தவர். எனக்கும் தந்தவர்.  எனக்கு உம்மில கோபம் வந்தது. மறைச்சு எழுதத் தெரியாது எனக்கு. அந்தக் கடையில நானும்தான் மீன் வெட்டி நிண்டனான்.

இவர் ஞாயிறும் வேலைக்குப் போறார். மகளும் தகப்பனும் ஒரு வீட்டில ரெண்டு வாடகைக்காரர் மாதிரி. நான் நடுவில நிண்டு சோறு போடுறன்.

இவர் எழுதாட்டில் வெறுத்திட்டார் எண்டு நினைக்காதேயும். அவருக்கு உம்மட்டைச் சொல்ல ஒண்டு இருக்கு. அது எனக்குத் தெரியும். அதை நான் சொன்னால் சரிவராது.

பொறுத்திரும்.

சத்தியபாமா


வெரிபீ
02.08.2025

அன்புத் தங்கச்சி தாட்சாவுக்கு,

எல்லாரும் இருக்கிறம். நீங்களும் அப்பிடியே இருக்கவேணும்.

நாலு தரம் எழுதிக் கிழிச்சுப்போட்டன். இதைக் கிழிக்கமாட்டன்.

நீ அந்தப் பேப்பரைத் தொட்டது எனக்குத் தெரியும். கோட்டில ஹார்க்கரின்ர மேசையில வெள்ளைக் கோப்புகள் வரிசையா நிண்டது. முதுகில ஒட்டின இலக்கங்கள் உன்ர கையெழுத்து. பள்ளிக்கூடக் காலத்தில உன்ர கொப்பியளுக்கு உறை போட்டுத் தந்தவன் நான், எனக்குத் தெரியாதோ? வழக்கு நடந்த மூண்டு நாளும் அந்த இலக்கங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். கோபம் இருந்தது. இல்லை எண்டு எழுதமாட்டன். ரெண்டு மூண்டு வருசம் இருந்தது. பிறகு அதுவும் களைச்சுப் போச்சு. கதைக்கிற பழக்கம் மட்டும் திரும்பி வரேல்லை.

இப்ப நீ கேட்டதுக்கு மறுமொழி.

மே 6 ஆம் திகதி குளிரறைக்காரர் போனும் எடுத்தவை. "ஓகே, ஓகே" எண்டு வைச்சிட்டன். லைன் வெறுமையா இருக்கவேணும், தேவன் எடுத்தால் எண்டு. கடிதமும் வந்தது. எந்தக் கடிதத்தையும் திறக்கேல்லை. 20 ஆம் திகதி அகதி முகாமில இருந்த ஒரு ஆள் மூலம் அவன் உயிரோட இருக்கிறான் எண்டு அறிஞ்சம். அடுத்த நாள் தபாலைத் திறந்து, அண்டைக்கே அவைக்கு எழுதினன். பதினைஞ்சாம் நாள்.

வழக்கு வரேக்க என்ர சொலிசிட்டர் கேட்டவர், ஏன் பிந்தினது, நல்ல காரணம் இருந்தால் நீதிபதி இரங்குவார் எண்டு.  அப்ப தேவனை முகாமில இருந்து பிரிச்சு ஆமிக்காரர் தடுப்பில வைச்சிருந்தவங்கள். அங்க என்ன நடக்குது எண்டு ஒருத்தருக்கும் தெரியாத காலம். தீர்ப்பெல்லாம் இன்ரநெற்றில வரும் எண்டு சொலிசிட்டரே சொன்னவர். சிட்னியில தமையன் கோட்டில அவன்ர பேரைச் சொன்னான், வன்னியில எங்க நிண்டவன், எப்ப வந்தவன் எண்டெல்லாம் எழுத்தில கிடக்குது எண்டு ஆரும் வாசிச்சால்? அதால 'கவனிக்கவில்லை' எண்டு எழுதச் சொன்னன். அதே பயத்தில வேற எங்கயும் அவன்ர பேரைக் குடுக்கேல்லை.

உன்ர மிஸ் அடேர் வந்திருந்தால் முதல் கேள்வியே அதாத்தான் இருந்திருக்கும். கெட்டிக்காரர் விடமாட்டினம். எல்லாரும் புக் எண்டு நீ சொன்ன நேரம் எனக்கு மூச்சு வந்தது. உண்மையாத்தான் சொல்லுறன்.

அதுக்காக நீ செய்தது சரி எண்டில்லை. நீ கேட்டிருக்கவேணும். கேட்டுப்போட்டு இல்லை எண்டு சொல்லியிருக்கவேணும்.

அண்ணா


பென்டில் ஹில்
11.08.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கட கடிதத்தை ரெயினில வாசிச்சன். பரமற்றாவில இறங்கிப் பிளாற்போமில இருந்து திரும்ப வாசிச்சன். அண்டைக்கு வேலைக்குப் பிந்திப் போனன், பதினைஞ்சு வருசத்தில முதல் தரம்.

ஓம், கேட்டிருக்கவேணும். 

ஒரு அனுமதி தாங்கோ. நீங்கள் என்ர அண்ணன் எண்டதை நான் மிஸ்டர் ஹார்க்கருக்குச் சொல்லவேணும். தேவன் வெளியில வந்து இப்ப பதின்மூண்டு வருசம், கிளிநொச்சியில மோட்டர் திருத்திக்கொண்டு இருக்கிறான். அந்த மே மாதத்தையும் சொல்லலாமோ? அவன்ர பேரைச் சொல்லமாட்டன். வேண்டாம் எண்டால் வேண்டாம்.

அண்ணியின்ர கடிதத்தைப் பத்திரமா வைச்சிருக்கிறன். அவ சொன்னதில ஒரு சொல்லும் பிழையில்லை.

தாட்சாயினி


பென்டில் ஹில்
25.09.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

'சொல்லு' எண்டு ஒரு சொல்லில நீங்கள் அனுப்பின மெசேஜ் கிடைச்சுது. முழங்காலில ஊசி போட்டதாம் எண்டு அண்ணி சொன்னவ. கால் நோ குறைஞ்சதோ?

போன செவ்வாய் மிஸ்டர் ஹார்க்கரிட்டைச் சொன்னன். அவர் பேனையை மூடி வைச்சார்.

"விக்னராஜா உம்முடைய அண்ணனா?"

"ஓம்."

"இவ்வளவு காலமும் இஞ்சை இருந்தனீரா?"

"ஓம். அந்தக் கோப்புகளை அடுக்கினதும் நான்தான்."

பிறகு மே மாதத்தைச் சொன்னன். அவர் யன்னலால பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் திட்டு விழும் எண்டு நிண்டன். அவர் சொன்னது வேற:

"நான் குறுக்கு விசாரணை செய்யேக்க, ஏன் பிந்தினீர் எண்டு கேட்க வாய் எடுத்தனான். அவற்ற முகத்தைப் பார்த்தன். ஏதோ இருக்கு எண்டு விளங்கிச்சுது. மறுமொழி தெரியாத கேள்வியைக் கேட்கக்கூடாது எண்டது எங்கட தொழில். அதால கேட்காமல் இருந்திட்டன். கேட்காததாலதான் வெண்டனான்."

அந்தப் பந்தியை மாத்தி எழுதுவம் எண்டார். அவரே கையால எழுதினார். 'கவனக்குறைவு' போய், 'பிறந்த நாட்டில் நடந்த போரில் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில்' எண்டு வந்தது. கிளார்க்குக்கும் அவரே சொன்னவர். வேலை போகேல்லை, எச்சரிக்கைக் கடிதம் ஒண்டு தந்திருக்கினம். வாங்கினன்.

இண்டைக்குப் புத்தகக் கமிற்றி கூடினது. தீர்ப்பில இல்லாத காரணத்தைப் புத்தகத்தில போட்டால் சட்டச் சிக்கல் வரலாமாம். பழைய பந்தியைப் போட மிஸ்டர் ஹார்க்கர் சம்மதிக்கேல்லை. கடைசியில உங்கட வழக்கையே எடுத்திட்டினம். அந்தப் பக்கத்தில புதுக் கூட்ட அறையின்ர படம் வருது.

நான் கொண்டுவந்த முடிவு இதுதான், அண்ணா. பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

தாட்சாயினி


வெரிபீ
19.10.2025

அன்புத் தங்கச்சி தாட்சாவுக்கு,

நோ குறைஞ்சிருக்கு. படியேற மட்டும் பிடிக்குது. உனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தது கவலைதான். புத்தகத்தில எடுத்ததுக்கு நான் கவலைப்படேல்லை. அது அவையின்ர சரித்திரம்.

போன சனிக்கிழமை குசினியில வைச்சு லக்சிகாவுக்கு எல்லாத்தையும் சொன்னன். உன்ர பகுதியையும் ஒளிக்கேல்லை. அவள் அழேல்லை, சட்டக்காரி மாதிரிக் குறுக்கால கேள்வி கேட்டாள். கடைசியா ஒண்டு கேட்டாள்: "சித்தப்பாக்கு இது தெரியுமோ?"

தெரியாது எண்டன். அவனுக்கு ஏன் அந்தப் பாரத்தைக் குடுப்பான் எண்டு இருந்திட்டன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்துத் தேவனுக்கு அடிச்சாள். தன்ர உடைஞ்ச தமிழில பாதி சொல்லிப்போட்டு, மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கோ எண்டு என்னட்டைத் தந்தாள். சொன்னன்.

 அங்கால கராஜில ஆரோ இரும்பு தட்டுறது கேட்டுது. பிறகு கேட்டான்:

"அப்ப நீங்கள் என்ர பேரை வேணுமெண்டோ சொல்லாமல் விட்டனியள்?"

"ஓம்."

"அண்ணை, தடுப்பில மற்றப் பெடியளின்ர பேரை வெளிநாட்டுச் சொந்தக்காரர் குடுத்துக் குடுத்துத் தேடுவிச்சவை. செஞ்சிலுவைக்காரர் வந்து பேர் வாசிப்பினம். ஒவ்வொரு தரமும் நான் முன்னுக்குப் போய் நிப்பன். என்ர பேர் ஒருநாளும் வரேல்லை. எனக்கு ஒருத்தரும் இல்லை எண்டு நினைச்சிட்டன். வெளியில வந்த பிறகும் உங்களோட அளவாக் கதைச்சது அதாலதான்."

தாட்சா, அவனைக் காப்பாத்துறன் எண்டு இருந்தனான். அவன் அங்க வரிசையில நிண்டிருக்கிறான்.

"குறை நினைக்காதை தம்பி" எண்டன்.

"குறையில்லை. இனியெண்டாலும் சொல்லுங்கோ. பேரோட சொல்லுங்கோ" எண்டான்.

கோட்டுக்கும் புத்தகத்துக்கும் இது பிந்திப்போச்சு. ஆனால் ஒருக்கா எழுத்தில இருக்கவேணும். அதால உனக்கு எழுதிறன், நீ வைச்சிரு. லக்சிகாவுக்கும் ஒரு பிரதி எடுத்துக் குடுத்திருக்கிறன்.

2009 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி தொடக்கம் 20 ஆம் திகதி வரை நான் தபால் எதையும் திறக்கவில்லை. என் தம்பி சிதம்பரப்பிள்ளை தேவராஜா உயிரோடு இருக்கிறானா என்று அறிவதற்காகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

சிதம்பரப்பிள்ளை விக்னராஜா